நன்றித் துறையின் தலைசிறந்த வாடிக்கையாளர்

அரையிஞ்சு மாஸ்டருக்கு யாரும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. தைத்த துணியை வாங்கிப் போகிறவர்கள் "இடுப்புல கொஞ்சம் பிடிக்குதே" என்பார்கள், இல்லாவிட்டால் "போன தடவை தைச்ச மாதிரி இல்ல" என்பார்கள். ஒன்றும் சொல்லாமல் போனால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எந்தத் துணியானாலும் உள்பக்கம் அரையிஞ்சு கூடுதலாக விட்டுத்தான் தைப்பார். மனிதன் என்றால் பெருத்துக்கொண்டேதான் போவான் என்பது அவர் கட்சி. அந்தப் பெயர் அப்படி வந்தது. அவரும் யாருக்கும் வாயைத் திறந்து நன்றி சொன்னவரில்லை. நூல் கடையை விட்டுக் கிளம்பும்போது "வரட்டா" என்பார், அதோடு சரி. இப்படி நன்றியின் வாடையே படாமல் நிம்மதியாக இருந்த மனிதர், ஒரு புதுத் தையல் மெஷின் வாங்கித் தொலைத்தார்.

வாங்க வைத்தவர் பேண்டு வாத்தியார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியக் குழு நடத்துகிறவர். சாதாரணமாகப் பேசினாலே ஊர்வலம் வருகிற மாதிரி இருக்கும். குழு முழுவதுக்கும் சிவப்புக் கோட்டு வேண்டும், தோளில் மஞ்சள் குஞ்சம் தொங்க வேண்டும், மார்பில் இரட்டை வரிசையாகப் பொத்தான் வேண்டும் என்று வந்து நின்றார்.

"ஆண்டு விழா வருது மாஸ்டர். உங்களால முடியும்னா சொல்லுங்க. இல்லைன்னா மெயின் ரோட்டுக் கடைக்குக் குடுத்துடறேன்."

மெயின் ரோட்டுக் கடை என்றால் முழுக்கக் கண்ணாடி போட்ட பெரிய கடை. மாஸ்டரின் வாடிக்கைகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. இந்த ஆர்டரும் அங்கே போனால் கடையைச் சாத்திவிட்டுச் சும்மா உட்கார வேண்டியதுதான் என்பது மாஸ்டருக்கும் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும். மனைவிதான் கடையில் காஜா எடுப்பவர், பொத்தான் கட்டுபவர், கணவரின் மறதிக்குப் பொறுப்பேற்பவர். "முடியும்னு சொல்லுங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. மாஸ்டர் முடியும் என்றார். பழைய மெஷின் கோட்டுத் துணியைக் கண்டாலே முனகும் என்பதால் அதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டுப் புதிதை எடுத்து வந்தார்.

புது மெஷின் முதல் கோட்டின் வலது கையைத் தைத்தது. இடது கையைப் பாதி தைத்தது. பிறகு கடக் என்று ஒரு சத்தம் போட்டுத் துணியைக் கவ்விக்கொண்டு நின்றுவிட்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. திறந்து பார்க்கலாமென்றால் அடித்தட்டில் வெள்ளி நிறத்தில் ஒரு சீல் ஒட்டியிருந்தது. கம்பெனி ஆள் தவிர வேறு யார் பிரித்தாலும் உத்தரவாதம் செல்லாது. தெருமுனையில் ரிப்பேர் கடை வைத்திருந்தவர் வந்து குனிந்து பார்த்தார். சீலைக் கண்டதும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கம்பெனிக்கு ஒரு போன் போடுங்க. வந்து பாத்துக் குடுத்துட்டுப் போறாங்க" என்றார் மனைவி. மாஸ்டர் போட்டார்.

"எங்களைத் தொடர்புகொண்டமைக்கு நன்றி" என்றது ஒரு பெண்குரல்.

"அம்மா, மெஷின் நின்னு போச்சும்மா."

"அதைத் தெரிவித்தமைக்கு நன்றி."

"கோட்டுக் கை உள்ள மாட்டிக்கிச்சு."

"விளக்கமாகச் சொன்னமைக்கு நன்றி."

"மெக்கானிக்க அனுப்புவீங்களா?"

"எங்கள் மேல் நீங்கள் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு நன்றி. எங்கள் ஆள் ஒருவர் உங்களை நேரில் சந்திப்பார்."

மாஸ்டருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "என்ன மரியாதையா பேசுது அந்தப் பொண்ணு. நம்ம பொண்ணு இருக்காளே, போன எடுத்தாலே என்னப்பா இப்போன்னு கேக்கறா" என்று மனைவியிடம் அங்கலாய்த்தார்.

ஆள் மறுநாளே வந்தார். நீலக் கோட்டு, டை, பளபளக்கும் ஷூ. ஒரு கையில் பூங்கொத்து, மறு கையில் ஒரு பை. பையில் ஸ்பானர் இருக்கும் என்று மாஸ்டர் ஆசையாகப் பார்த்தார். உள்ளே கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பாராட்டிதழ் இருந்தது.

"நான் நிறுவனத்தோட நன்றி அலுவலர்ண்ணே. கொஞ்சம் எந்திரிச்சு நிக்கறீங்களா" என்றார் வந்தவர். மாஸ்டர் நின்றார். அலுவலர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தங்களோடு மனம்விட்டுப் பேசிய பெருந்தகைக்கு நிறுவனம் தலைவணங்குகிறது என்று வாசித்தார். பூங்கொத்தைக் கொடுத்தார். நின்ற மெஷினுக்குப் பக்கத்தில் மாஸ்டரை நிறுத்திப் படமெடுத்தார். மாஸ்டருக்குக் கூச்சத்தில் கழுத்து நெளிந்தது.

"சரி தம்பி, மெஷினு?"

"அதுக்கும் சேத்துத்தான் நன்றி சொல்லியிருக்கோம்ணே" என்று கிளம்பினார் அலுவலர்.

மாஸ்டர் திரும்பப் போன் செய்தார். மீண்டும் தொடர்புகொண்டமைக்கு நன்றி சொன்னார்கள். அலுவலர் மறுபடி வந்தார், மாஸ்டர் படம் போட்ட காபிக் கோப்பையோடு. அடுத்த முறை கேக்கு வந்தது. அதற்கடுத்த முறை அலுவலரோடு இன்னும் நான்கு பேர் வந்து வரிசையாக நின்று கைதட்டிவிட்டுப் போனார்கள். கடையில் கத்திரிக்கோல் வைக்க இடமில்லாமல் பூங்கொத்துகள் குவிந்தன. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, யாருக்கு என்ன விசேஷம் என்று கேட்டார்கள். விசேஷம் ஒன்றுமில்லை, மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று சொன்னால் யார் நம்புவார்கள். மாஸ்டர் பேசாமல் ஒரு துண்டு கேக்கைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

பேண்டு வாத்தியார் வந்து பார்த்தார். பூக்களை விலக்கி, மெஷினில் தொங்கிய கோட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"மாஸ்டர், இதுல ஒண்ணரைக் கைதான் இருக்கு. இதப் போட்டுக்கிட்டு எவன் டிரம் அடிப்பான்?"

"மெக்கானிக் வந்துருவாருங்க."

"இந்த வாரக் கடைசி வரைக்கும் பாப்பேன். அப்புறம் துணிய எடுத்துக்கிட்டு மெயின் ரோட்டுக்குப் போயிடுவேன். என்னத் தப்பா நினைச்சுக்காதீங்க."

அன்றைக்கு நன்றி அலுவலர் ஒரு ஆளுயர வாழ்த்து அட்டையோடு வந்தபோது மாஸ்டரின் மனைவி அவரை விடவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து டீயைக் கையில் கொடுத்து, "ஏன் தம்பி, இதெல்லாம் தூக்கிட்டு வர்ற நேரத்துக்கு ஒரு மெக்கானிக்கக் கூட்டிட்டு வரக் கூடாதா?" என்று கேட்டார்.

அலுவலர் வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, நானே மெக்கானிக்தான்."

மாஸ்டர் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார்.

"நான் மட்டுமில்ல, நன்றித் துறைல இருக்கற எல்லாருமே மெக்கானிக்குதான். எங்க இயக்குநர் வெளிய ஒரு மாநாட்டுக்குப் போயிட்டு வந்தாரு. அங்க என்னமோ கண்டுபிடிச்சிருக்காங்க. மெஷின ரிப்பேர் பண்ணிக் குடுத்தா வாடிக்கையாளர் திரும்பப் பேசறதே இல்லயாம். உறவு அதோட அறுந்து போயிடுதாம். அதனால பழுதுபார்க்கும் பிரிவ நன்றிப் பிரிவோட சேத்துட்டாங்க. டூல்ஸ் பைய வாங்கிக்கிட்டு இந்தக் கோட்டக் குடுத்தாங்க. ஸ்க்ரூடிரைவரோட பிடிபட்டா மெமோ. எங்கூட வேலை பாத்தவன் ஒருத்தன் மனசு கேக்காம ஒரு வீட்டுல பெல்ட்ட மாட்டி விட்டுட்டான். நல்லா இருந்த ஒரு உறவக் கெடுத்துட்டான்னு அவன் மேல விசாரணை நடக்குது."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"போன் மட்டும் பண்ணாதீங்கண்ணே. நீங்க பண்ணப் பண்ண மேல போயிட்டே இருக்கீங்க."

"எங்க மேல?"

"தரவரிசைல. யாரு அதிகமாத் தொடர்பு கொள்றாங்களோ அவங்கதான் நம்ம மேல அதிகப் பாசம் வச்சிருக்காங்கன்னு அங்க கணக்கு."

அலுவலர் போகும்போது மெஷினை ஒரு பார்வை பார்த்தார். அவர் விரல்கள் தாமாகவே எதையோ திருகின. பிறகு கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு போய்விட்டார்.

போன் செய்யாதே என்றால் மனிதனுக்குக் கோபம்தானே வரும். மாஸ்டர் அன்று சாயங்காலம் வரை போனைக் கீழே வைக்கவில்லை. கெஞ்சினார், திட்டினார், தன் பிழைப்பே போகப்போகிறது என்று குரல் உடையச் சொன்னார். வெளிப்படையாகப் பேசியமைக்கு நன்றி என்றார்கள்.

அடுத்த நாள் வேன் ஒன்று வந்து நின்றது. நீலக் கோட்டுக்காரர்கள் இறங்கி மெஷினை, கவ்வியிருந்த கோட்டோடு சேர்த்து, பூப்போலத் தூக்கி ஏற்றினார்கள். மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா, நாலு வார்த்தை சூடாப் பேசினாத்தான் வேலை நடக்குது. ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போறாங்க" என்றார். மனைவி வெட்டிவைத்த துணிகளை அடுக்கி, நூல்களை நிறம்வாரியாக எடுத்து வைத்தார். வாரக் கடைசிக்கு இன்னும் நேரம் இருந்தது. அன்று இரண்டு பேரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

சாயங்காலம் ஒரு கார் வந்து மாஸ்டரையும் மனைவியையும் கம்பெனியின் நன்றிப் பெருவிழாவுக்கு அழைத்துப் போனது. அங்கேயே மெஷினைக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்று மாஸ்டர் நம்பினார்.

விழா மண்டபத்தின் வாசலில் வந்ததற்கு நன்றி சொன்னார்கள். செருப்பை ஓரமாக விட்டதற்கு ஒருவர் நன்றி சொன்னார். உட்கார்ந்ததற்குப் பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னார். மேடைக்கு இடதுபுறம் நன்றித் துறை மேலாளர் தடிமனான விதிமுறைப் புத்தகத்தோடு நின்றிருந்தார். மேடையின் நடுவில், விளக்கு வெளிச்சத்தில், ரிப்பன் சுற்றிய மெஷின் இருந்தது. அதன் வாயில் சிவப்புக் கோட்டின் அரைக் கை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க, ஒண்ணும் பண்ணலயே" என்றார் மனைவி.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். சிரித்த முகம், கனிந்த குரல்.

"நண்பர்களே, ஒரு காலத்தில் நாம் வெறும் தையல் இயந்திரம் செய்துகொண்டிருந்தோம். நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. இன்று நாம் நன்றி செய்கிறோம். இயந்திரம் என்பது நம்முடைய நன்றி போய்ச் சேருவதற்கு ஒரு விலாசம், அவ்வளவுதான். புகார் என்ற சொல்லை நம் நிறுவனத்திலிருந்து ஒழித்திருக்கிறோம். புகார்கள் இருக்கின்றன, சொல்தான் இல்லை. ஆனாலும் அது எவ்வளவு பெரிய சாதனை. நம்மிடம் வாங்கிய இயந்திரம் ஒழுங்காக ஓடுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் ஒருமுறையாவது நம்மை நினைத்துக் கூப்பிட்டிருக்கிறார்களா? இல்லை. கல்நெஞ்சுக்காரர்கள். இயந்திரம் நன்றாக ஓடுவதில் உள்ள ஆபத்து அதுதான். ஆனால் இதோ இந்த மாமனிதரைப் பாருங்கள். காலையில் அழைக்கிறார், மாலையில் அழைக்கிறார். அழுதுகொண்டேகூட அழைத்திருக்கிறார். எந்த நிறுவனத்துக்குக் கிடைக்கும் இப்படி ஒரு பாசம்? தலைசிறந்த வாடிக்கையாளர் விருதை இவருக்கு வழங்கி, எங்கள் உச்சபட்ச நன்றியைத் தெரிவிக்கிறேன்."

மண்டபம் எழுந்து கைதட்டியது. மேலாளர் மாஸ்டரை மேடையேற்றிக் காதருகில் குனிந்தார். "ஏற்றுக்கொள்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்பதான் பதிவாகும்."

மாஸ்டர் கோட்டின் அரைக் கையைப் பார்த்தார். பேண்டு வாத்தியார் துணியை மூட்டை கட்டிக்கொண்டு மெயின் ரோட்டுப் பக்கம் நடப்பது மனக்கண்ணில் தெரிந்தது. அவமானமும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின.

"எனக்கு வேண்டாங்க" என்றார் மைக்கில்.

கைதட்டல் நின்றது. இயக்குநர் சிரிப்பை மாற்றாமல், "போதவில்லையா? இன்னும் சொல்கிறோம்" என்று கையசைத்தார். நீலக் கோட்டுக்காரர்கள் ஒரே குரலில் நன்றி என்றார்கள். மண்டபத்து விளக்குகள் லேசாக ஆடின.

"வேண்டாங்க. நீங்களே வச்சுக்குங்க."

மேலாளர் விதிமுறைப் புத்தகத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டினார். வாடிக்கையாளர் நன்றியை வாங்க மறுத்தால் என்ன செய்வது என்று அதில் எங்கேயும் இல்லை.

"கொடுத்த நன்றி திரும்பி வந்தால் எங்கே வைப்பது? அதற்குக் கிடங்கே கிடையாதே" என்றார் இயக்குநர். "மன்னிப்பாவது கேட்டுப் பார்க்கலாமா?"

"மன்னிப்புத் துறை இன்னும் ஆரம்பிக்கலைங்க. கட்டடம் மட்டும்தான் முடிஞ்சிருக்கு" என்றார் மேலாளர்.

இயக்குநர் வேறு வழியில்லாமல் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "ஐயா, உங்களுக்கு என்னதான் வேண்டும்?"

"இதத் தொறந்து பாக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம். நான் கோட்டுத் தைக்கணும். என் பிழைப்பு இதுல மாட்டிக்கிட்டுக் கெடக்குது."

"திறந்து பார்ப்பதா. அதற்கு நம்மிடம் ஆள் இருக்கிறதா?" என்று இயக்குநர் சபையைப் பார்த்துக் கேட்டார். மண்டபத்தில் பாதிப் பேர் கையைத் தூக்கினார்கள். எல்லாம் நீலக் கோட்டுக் கைகள். மாஸ்டரின் அலுவலர் அதற்குள் மேடைக்கே வந்துவிட்டார். மைக் செட்டுக்காரரிடமிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை இரவல் வாங்கி, சீலைக் கிழித்தார். அந்தச் சத்தம் கேட்டு நீலக் கோட்டுக்காரர்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அடித்தட்டு கழன்றது. அடிநூல் ஓடும் ஷட்டிலுக்குள் ஏதோ சுருண்டு இறுகிக் கிடந்தது. அலுவலர் அதை மெதுவாக உருவி எடுத்து விளக்கில் பிடித்தார். பளபளப்பான பட்டு ரிப்பன். பொன்னெழுத்தில் அச்சடித்திருந்தது: எங்கள் இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தமைக்கு இதயங்கனிந்த நன்றி.

"இது ஒவ்வொரு மெஷினுக்குள்ளயும் நாமே வைக்கறதுங்க. மனசுக்குப் பக்கத்துல இருக்கட்டும்னு நீங்கதான் சொன்னீங்க" என்றார் மேலாளர்.

இயக்குநர் ரிப்பனை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் இருண்டு, பிறகு மெல்லத் தெளிந்து, கடைசியில் பிரகாசித்தது. மைக்கைப் பிடித்தார். "நண்பர்களே, எவ்வளவு பெரிய அநியாயம் நடந்திருக்கிறது பாருங்கள். நம்முடைய முதல் நன்றி இத்தனை நாளாக இவர் கண்ணிலேயே படவில்லை. காரணம் என்ன? ரிப்பன் சிறியது. நாளை முதல் ரிப்பனை இரண்டு மடங்கு நீளமாக வைப்போம்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. அந்தச் சத்தத்தில் மெஷின் ஓடிய சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. மாஸ்டர் மேடையிலேயே உட்கார்ந்து இடது கையின் மறுபாதியைத் தைத்துக்கொண்டிருந்தார். மனைவி மேடையேறிப் பக்கத்தில் நின்று நூலைப் பிடித்துக்கொண்டார். நன்றியுரை முடியும்போது ஒரு கோட்டு முடிந்திருந்தது.

மெஷின் கடைக்குத் திரும்பியது. அலுவலரே வேனில் கூட வந்து இறக்கி வைத்து, எண்ணெய் விட்டு, ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மாஸ்டரும் மனைவியும் தூக்கத்தைப் பாதியாக்கித் தைத்தார்கள். வாரக் கடைசியில் பேண்டு வாத்தியார் மூட்டை கட்ட வந்தார், முடிந்த கோட்டுகளை மூட்டை கட்டிக்கொண்டு போனார். ஆண்டு விழாவில் சிவப்புக் கோட்டுகளைப் பார்த்த இன்னும் இரண்டு பள்ளிக்கூடங்கள் ஆளனுப்பின.

ஒரு மத்தியானம் கையில் பூங்கொத்தோடு அந்தப் பக்கமாக வந்த அலுவலர், மெஷின் எப்படி ஓடுகிறது என்று பார்க்க உள்ளே நுழைந்தார். மாஸ்டர் தையலை நிறுத்திவிட்டு எழுந்தார். இத்தனை வருடப் பிழைப்பில் யாருக்கும் சொல்லாத ஒன்றை இந்தப் பையனுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று அவருக்கு மனசு நிறைந்து வந்தது.

"தம்பி, உனக்கு நான்..."

அலுவலர் பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, அந்த வார்த்தை மட்டும் வேண்டாம். வாடிக்கையாளர் வாயால அது வந்துட்டா நான் பதிவு பண்ணியே ஆகணும். பதில் நன்றி சொல்றதுக்குன்னு ஒரு குழுவே இருக்கு. அவங்க வந்து சொல்லுவாங்க. நீங்க சும்மா இருக்காம அவங்களுக்கும் ஏதாவது சொல்லிட்டீங்கன்னா இயக்குநரே கிளம்பி வந்துருவாரு."

மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார். அலுவலரின் நீலக் கோட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"கோட்டக் கழட்டு."

அலுவலர் தயங்கிக் கழற்றிக் கொடுத்தார். மாஸ்டர் லைனிங்கைப் பிரித்து, உள்பக்கமாக ஒடுக்கமான, நீளமான ஒரு பை வைத்துத் தைத்தார். அடியில் இரட்டைத் தையல் போட்டார். பிறகு அதற்குள் ஒரு ஸ்க்ரூடிரைவரைச் செருகி, கோட்டை நீட்டினார்.

"பொத்தானப் போட்டுக்கிட்டா வெளிய தெரியாது."

அலுவலர் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தார். தெரியவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீங்களும் ஒண்ணும் சொல்லக் கூடாது தம்பி, கிளம்புங்க" என்றார் மனைவி.

அலுவலர் பூங்கொத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். அடுத்த தெருவில் ஒரு அம்மாவின் மெஷின் நின்றுபோய், அந்த வீட்டுக்கு நாள் தவறாமல் கேக்கு போய்க்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கமாகக் கொஞ்சம் வேகமாகவே நடந்தார்.